தெர்மகோல் வாங்கும் முன்

முதலில் மார்க் கணக்கைப் பார்த்துவிடலாம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் ப்ராஜெக்டுக்கு மொத்தமே 5 மார்க். தகவல் சரியா, சொந்தமாக யோசித்தாயா என்பதற்கு 2. பார்க்க நன்றாக, புதுமாதிரியாக இருக்கிறதா என்பதற்கு 2. வைவாவில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா என்பதற்கு 1. பல வருடமாக இதுதான் பங்கு. வீட்டில் நடப்பது என்ன? மைசூரு விஜயநகரிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் தேவராஜ அரசு ரோடு வரை போய் தெர்மகோல் ஷீட், சார்ட், ஜிகினா பேனா எல்லாம் வாங்கி வருவது. ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, ப்ராஜெக்டுக்குச் சொந்தக்காரி சோஃபாவில் தூங்கிக்கொண்டிருப்பாள். அத்தனை பாடும் நடுவில் இருக்கிற அந்த 2 மார்க்குக்கு. மற்ற 3 மார்க் கடையில் கிடைக்காது.

ஸ்டேட் போர்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யின் 625 மார்க்கில் முதல் மொழிக்கு 25, மற்ற ஐந்து பாடங்களுக்குத் தலா 20 என்று 125 மார்க் பள்ளிக்கூடத்தின் கையில்தான் இருக்கிறது. எஃப்.ஏ. (வளரறி மதிப்பீடு) செயல்பாடு என்று உங்கள் டீச்சர் கொடுப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

தெர்மகோல் பற்றி இன்னொரு சேதி. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மகோலும் இருக்கிறது. ‘நீடித்த வளர்ச்சி’ என்று தலைப்பு எழுதி, அதைத் தெர்மகோலில் வெட்டி ஒட்டிக் கொண்டுபோகிற கூத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளாகப் பார்த்து, அதிகச் செலவில்லாமல் செய்யுங்கள் என்று சி.பி.எஸ்.இ.யின் வழிகாட்டுதலே சொல்கிறது. அப்பா அடுத்த முறை பர்ஸை எடுக்கும்போது அந்த வரியைக் காட்டு.

நான் பள்ளிக்கூடம் முடித்துச் சில வருடம் ஆகிறது. தங்கை இப்போது பத்தாவது. அவள் ப்ராஜெக்டுகளைக் கிட்ட இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன், உன் அக்கா சொல்வதாக எடுத்துக்கொள். சொல்ல வருவது ஒன்றுதான்: நீயே நடந்து போய்ப் பார்த்து, அளந்து, எழுதிக்கொண்டு வரக்கூடிய கேள்வியாகத் தேர்ந்தெடு. அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தலைப்பு கிடைத்தாலே கேள்வி கிடைத்த மாதிரி ஆகாது

டீச்சர் கொடுப்பது தலைப்பு. ‘நீர் மேலாண்மை’ என்பது தலைப்பு. அதை அப்படியே கூகுளில் போட்டால் உனக்கு முன்னால் லட்சம் பேர் எழுதியது வரும். நீ எதை எழுதினாலும் அதில் ஒரு துண்டுதான். ‘எங்கள் மாடித் தொட்டி ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரம்புகிறது, அதில் துணி துவைக்க எவ்வளவு போகிறது?’ என்பது கேள்வி. இதற்கு விடை இன்டர்நெட்டில் எங்கேயும் கிடையாது. உன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி சரியானதா என்று பார்க்க என் தங்கை ஒரு வழி வைத்திருக்கிறாள். “விடை என்னவா இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சா அது கேள்வியே இல்லக்கா.” ‘பிளாஸ்டிக் கெடுதலா?’ என்று கேட்டால் விடை எல்லாருக்கும் தெரியும். ‘எங்கள் தெருவில் பால் கவர்கள் வாரத்துக்கு எத்தனை சேர்கின்றன, அவை எங்கே போகின்றன?’ என்று கேட்டால் நீ எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும்.

விஜயநகரில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். முதல் ஸ்டேஜில் யோக நரசிம்மர் கோயில் இருக்கிறது. ஜனவரி 1 அன்று அங்கே பக்தர்களுக்கு ஏறக்குறைய 2 லட்சம் லட்டு கொடுப்பார்கள் என்பது மைசூரு முழுக்கத் தெரிந்த கதை. வரிசையில் நின்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வருகிறாயே, ஒன்றை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தாயா? 150 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள். 2 லட்சத்தால் பெருக்கினால் 30,000 கிலோ, அதாவது 30 டன். சர்க்கரை எவ்வளவு, கடலை மாவு எவ்வளவு என்று அம்மாவின் செய்முறையை வைத்து மதிப்பிடு. பிறகு கோயிலில் சமையலைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் போய்க் கேட்டு, உன் மதிப்பீடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார். விகிதம், சதவீதம், மதிப்பீட்டுப் பிழை மூன்றும் ஒரே லட்டில் வந்துவிடும். கணக்கு டீச்சர் இதைவிட என்ன கேட்கப் போகிறார்?

பறவை பிடிக்குமென்றால் குக்கரஹள்ளி ஏரிக்குப் போ. 1864-ல் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உண்டான ஏரி. மானசகங்கோத்ரி பக்கம், நம் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் சாதாரணமாகக் கண்ணில் படும். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒவ்வொரு ஞாயிறும் எண்ணு. இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால், பறவை குறைந்ததா, நீ நின்ற இடம் சரியில்லையா என்று பிறகு சொல்லவே முடியாது. தனியாகப் போகாதே. காலை நடைக்குப் போகிற அப்பாவையோ பக்கத்து வீட்டு மாமாவையோ கூட்டிக்கொள். எண்ணியதை ஈபேர்ட் என்ற இணையப் பட்டியலில் ஏற்றினால், உன் கணக்கு உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் சேர்க்கிற கணக்கோடு சேரும். ஐந்து மார்க்கோடு முடியாத வேலை இது.

அணை இரண்டு, கோடு இரண்டு

இந்த ஒரு ப்ராஜெக்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம்மைப் போல மைசூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்றே செய்த மாதிரி இருக்கிறது.

ஜூன் முதல் டிசம்பர் வரை கே.ஆர்.எஸ். அணையின் நீர்மட்டம் இங்கே பேப்பரில் நாள்தோறும் வரும். முழு மட்டம் 124.80 அடி. தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிற வீட்டில் மேட்டூர் நிலவரமும் பேச்சில் அடிபடும். அதன் முழு மட்டம் 120 அடி. தாத்தா காலையில் போன் செய்தாலே முதல் கேள்வி அதுதான். இரண்டையும் வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டு, ஒரே கிராஃப் தாளில் இரண்டு கலரில் கோடு போடு.

போட்டு முடித்ததும் முதல் சந்தேகம் வரும். 124.80 பெரிதா, 120 பெரிதா? பார்த்தால் கே.ஆர்.எஸ். பெரிய அணை போலத் தெரியும். ஆனால் கே.ஆர்.எஸ். கொள்ளளவு 49.45 டி.எம்.சி., மேட்டூர் 93.47 டி.எம்.சி. மேட்டூரின் மட்டம் கொஞ்சம் குறைவு, தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடிக்கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு அணைகளையும் ஒப்பிடவே கூடாது என்பது இங்கேதான் புரியும். ஆகவே அடியை விட்டுவிட்டு, டி.எம்.சி.யில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று இரண்டாவது கிராஃப் போடு. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,831 கோடி. உங்கள் மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டி.எம்.சி.யில் எத்தனை தொட்டி என்று வகுத்துப் பார். அந்த எண்ணை ஒருமுறை எழுதினால், டிவியில் டி.எம்.சி. என்று சொல்லும்போது அது வெறும் சத்தமாகக் கேட்காது.

இரண்டாவது சந்தேகம் இன்னும் சுவாரசியம். கே.ஆர்.எஸ். கோடு படுத்தே கிடக்கும் சில வாரங்களில் மேட்டூர்க் கோடு திடீரென்று ஏறும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேப்பை விரித்துப் பார். கே.ஆர்.எஸ்.ஸில் காவிரியும் ஹேமாவதியும் லக்ஷ்மணதீர்த்தமும் சேர்கின்றன. அது நிரம்பக் குடகில் மழை வேண்டும். கபினி வயநாட்டிலிருந்து வருகிறது. தனி அணை, தனி மழை. நரசிபுரத்தில் அது காவிரியோடு சேரும்போது கே.ஆர்.எஸ்.ஸைத் தாண்டியாகிவிட்டது. வயநாட்டில் கொட்டினால் கே.ஆர்.எஸ். அரைகுறையாக இருக்கும்போதே மேட்டூருக்குத் தண்ணீர் போகும். இதைப் பாடப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. உன் கிராஃப் உன்னைக் கேள்வி கேட்டு நீ மேப்பைத் தேடிப் போனால், அந்த வரி மறக்காது. மூன்றாவது கோடாகக் கபினியையும் சேர். கபினி நிரம்பியதற்கும் மேட்டூர் ஏறியதற்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணு.

காவிரி என்றதும் வகுப்பில் யாராவது ஒருவர் “நீ எந்தக் கட்சி?” என்று கேட்பார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் கட்டாயம் கேட்பார்கள். பாதி விளையாட்டு, பாதி விளையாட்டு இல்லை. முகம் சிவக்காதே, கிராஃபை நீட்டு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி, கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கொடுக்க வேண்டியது வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. அது சாதாரண மழை வருடத்துக்கான கணக்கு. மழை பொய்த்த வருடத்தில்தான் சண்டை வரும். நல்ல மழை வருடத்தில் இரண்டு பக்கமும் அணையில் பூப்போட்டு வணங்குவதோடு சரி. உன் கிராஃபில் நல்ல வருடம் ஒன்றும் மோசமான வருடம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அந்தக் கேள்வி கேட்டவனே குனிந்து பார்ப்பான். என் தங்கை வகுப்பில் அப்படித்தான் நடந்தது. கேட்ட பையன் மண்டியாப் பக்கம். அவன் வீட்டிலும் வயல் இருக்கிறது. கடைசியில் இருவரும் சேர்ந்து மண்டியா, தஞ்சாவூர் இரண்டிலும் எந்த மாதம் நடவு என்று ஒரு அட்டவணை போட்டார்கள். டீச்சர் கேட்காத அட்டவணை அது.

உத்தராகண்டும் நம்ம வாசலும்

கலையோடு இணைந்த ப்ராஜெக்ட் என்று 2020-லிருந்து சி.பி.எஸ்.இ. கட்டாயமாக்கியிருக்கிறதே, அதில் மாநிலங்களை ஜோடி சேர்த்திருக்கிறார்கள், கர்நாடகத்துக்கு ஜோடி உத்தராகண்ட். உடனே எல்லாரும் கேதார்நாத் படத்தைப் பிரின்ட் எடுத்து ஒட்டுகிறார்கள். நீ ஐபனைப் பார். குமாவுன் பகுதிப் பெண்கள் வீட்டு வாசலிலும் பூஜை இடத்திலும் போடுவது. செம்மண் பூசி, அதன்மேல் அரைத்த அரிசி மாவை விரலால் இழுப்பார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பாட்டி வெள்ளிக்கிழமை போடுகிற மாக்கோலமும் காவிக் கரையும்தான். பாட்டியை உட்கார வைத்து ஒரு படிக்கோலம் போடச் சொல்லி, பக்கத்தில் நீ ஒரு ஐபன் போட்டுப் பார். காவி அங்கே அடியில், இங்கே ஓரத்தில். இரண்டிலும் அரிசி மாவு. ஏன் அரிசி என்று பாட்டியிடம் கேட்டால் எறும்பு தின்னட்டும் என்பாள். அந்தப் பதிலையும் எழுதிக்கொள். இதற்குச் செலவு ஒரு கைப்பிடி பச்சரிசி.

ஆட்களிடம் கேட்கும்போது

சர்வே என்றால் பயந்துகொண்டு அப்பாவின் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்மைப் போட்டுவிடுகிறார்கள். அதில் வருவது அப்பாவின் நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும். தெரு முனைக் காய்கறிக்காரம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. வியாபாரம் சூடாக நடக்கிற சாயங்கால நேரத்தில் நோட்டை நீட்டாதே. மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரத்தில் போ. “ஸ்வல்ப மாதாடபஹுதா அம்மா?” என்று தொடங்கு. கன்னடம் தடுமாறினாலும் பரவாயில்லை. கன்னடத்தில் தொடங்குவதே மரியாதை. எந்தப் பள்ளிக்கூடம், எதற்காகக் கேட்கிறாய் என்று முதலிலேயே சொல். போட்டோ எடுக்குமுன் கேள். ‘வேண்டாம்’ என்றால் அதோடு விடு. பெயரை ப்ராஜெக்டில் போட வேண்டியதில்லை, ‘காய்கறி விற்பவர், சுமார் ஐம்பது வயது’ என்றால் போதும். இன்னொன்று: “பிளாஸ்டிக் பை கொடுக்கறது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? “ஒரு நாளைக்கு எத்தனை பேர் சொந்தப் பையோட வராங்க?” என்று கேள். பதில் எண்ணாக வரும், அவருக்கும் சங்கடம் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. தமிழ் பேசும் குடும்பம். அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1989-ல் அவர் அங்கே பேசிய முதல் பேச்சு எதைப் பற்றித் தெரியுமா? பிள்ளைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றி. அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1992-ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். சுமையில்லாத கல்வி பற்றிய அதன் அறிக்கை 1993-ல் வந்தது. புத்தகத்தைச் சுமப்பதற்குப் பதிலாகச் செய்து பார்த்துக் கற்கட்டும் என்கிற பேச்சு அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் பலமாகக் கேட்டது. ப்ராஜெக்ட் முறையைப் பற்றி 1918-லேயே கட்டுரை எழுதிய வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கும், பிள்ளை தானாக விரும்பி ஒரு நோக்கத்தோடு செய்ய வேண்டும் என்பதுதான் அடிப்படை. இன்று அந்தச் சுமை பிள்ளையின் முதுகிலிருந்து இறங்கி அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடங்கள் ஒரே வாரத்தில் நாலு பாடத்துக்கும் ப்ராஜெக்ட் கேட்பதை நிறுத்தினால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இருக்காது. அது நம் கையில் இல்லை. ஆனால் வகுப்புத் தலைவர் மூலமாகத் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்கலாம். கேட்டால் பல டீச்சர்கள் கொடுப்பார்கள்.

குழு என்றால் சண்டை

நாலு பேர் குழுவில் வேலையை நாலாக வெட்டாதே. ஒருத்தி அறிமுகம், ஒருத்தி படம், ஒருத்தி முடிவுரை, ஒருத்தி பிரின்ட் அவுட் என்று பிரித்தால், வைவாவில் டீச்சர் படம் போட்டவளிடம் முடிவுரையைக் கேட்பார். அவ்வளவுதான், நாலு பேரும் முழிப்பீர்கள். அளக்கிற வேலை, எண்ணுகிற வேலை எதுவானாலும் நாலு பேரும் தலைக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். எழுதுவதையும் ஒட்டுவதையும் வேண்டுமானால் பிரித்துக்கொள்ளுங்கள்.

வேலையே செய்யாத ஒருத்தர் எல்லாக் குழுவிலும் இருப்பார். டீச்சரிடம் போட்டுக் கொடுக்கும் முன் அவர் வீட்டு நிலைமை என்ன என்று கேட்டுப் பார். சில சமயம் வீட்டில் போன் ஒன்றுதான் இருக்கும், அது அண்ணன் கையில் இருக்கும். அப்படியானால் போன் தேவைப்படாத வேலையைக் கொடு. சும்மாவே ஏமாற்றுகிறவர் என்றால், யார் எந்தத் தேதியில் அளந்தது என்று ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வை. சண்டை போடாமலே நோட்டு பேசிவிடும்.

ரஃப் நோட்டுதான் ப்ராஜெக்ட்

நல்ல ஃபைலில் போவது அதன் சுத்தமான நகல் மட்டும். ஒரு பழைய நோட்டை எடுத்து இதற்கென்றே வை. பேனாவால் எழுது. தேதி, மணி, இடம், அளவு, அலகு ஐந்தும் ஒவ்வொரு முறையும். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடி, ஒயிட்னர் வேண்டாம். ஒரு வாரம் அளக்க முடியாமல் போனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. காய்ச்சலா, மழையா, அத்தை கல்யாணமா என்று காரணத்தை எழுது. இருக்கிற இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். போடாதே. காலியான கட்டம் உள்ள அட்டவணையைப் பார்க்கும் டீச்சருக்கு மற்ற கட்டங்கள் உண்மை என்று தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. உன் அட்டவணையை அதில் போட்டு “இதை வைத்து என்னைப் பத்துக் கேள்வி கேள்” என்று சொல். நல்ல வேலை வாங்கலாம். எழுதித் தரச் சொன்னால், எல்லார் ஃபைலிலும் இருக்கிற அதே மூன்று பத்தியைத்தான் தரும். உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் என்ன கிடந்தது என்று அதற்குத் தெரியாது.

‘நான் கற்றுக்கொண்டது’ என்ற கடைசிப் பக்கம்

எல்லாரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிற பக்கம் இதுதான். ‘இந்தச் செயல்திட்டத்தின் மூலம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். குழுவாக உழைக்கப் பழகினேன். வாய்ப்பளித்த ஆசிரியருக்கு நன்றி.’ அட்டையைக் கிழித்துவிட்டால் இது யாருடைய ப்ராஜெக்ட் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் தங்கை போன வருடம் குப்பையை எடுத்துக்கொண்டாள். மைசூருக்கு இந்தத் தலைப்பு பொருத்தமானது. 2015-ல் மத்திய அரசின் தூய்மைப் பட்டியலில் 476 நகரங்களில் முதலிடம், 2016-ல் 73 நகரங்களில் மறுபடி முதலிடம். கும்பாரகொப்பலில் குப்பையைப் பிரித்து உரமாக்கியும், காகிதம் பிளாஸ்டிக் என்று வகை பார்த்து விற்றும் கழிவே மிஞ்சாமல் செய்யப் பார்க்கும் மையம் ஒன்றும் வருடக்கணக்காக நடக்கிறது. அதெல்லாம் அறிமுகத்துக்கு. அவள் கேள்வி சின்னது: எங்கள் வீட்டில் எந்தக் குப்பை அதிகம்? ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை இரண்டையும் சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தாள். அம்மா அந்தத் தராசை அப்புறம் இரண்டு முறை கழுவினாள்.

கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியது இப்படி: “பிளாஸ்டிக்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்துத் தொடங்கினேன். எடையில் பார்த்தால் காய்கறித் தோலும் தேங்காய் நாரும்தான் அதிகம், பிளாஸ்டிக் ஒன்றுமே இல்லை. ஆனால் உலர்ந்த குப்பைப் பைதான் சீக்கிரம் நிரம்பியது. எடையை வைத்து அதிகம் என்று சொல்வதா, இடத்தை வைத்துச் சொல்வதா என்று எனக்குக் குழப்பம் வந்தது. வண்டிக்கார அண்ணாவிடம் கேட்டேன். வண்டியில் இடம்தான் பிரச்சினை, உரக்கிடங்கில் எடைதான் பிரச்சினை என்றார். அடுத்த முறை இரண்டையும் அளப்பேன்.”

கற்றதை எழுதுவது என்றால் இதுதான். முன்னால் என்ன நினைத்தாய், பார்த்தது என்ன, எந்த இடத்தில் குழம்பினாய், யாரிடம் கேட்டாய், மறுபடி செய்தால் எதை மாற்றுவாய். இந்த ஐந்துக்கும் உன்னிடம் பதில் இருந்தால் பக்கம் தானாக நிரம்பும். குழப்பத்தை எழுதக் கூச்சப்படாதே. பிள்ளைகள் குழப்பத்தை மறைத்து முடிவை மட்டும் எழுதுவதுதான் எனக்கு எரிச்சல். மார்க் குறையுமோ என்று பயம். சொந்தமாக யோசித்ததற்கு 2 மார்க் என்று முதலில் சொன்னேன் அல்லவா? குழம்பிய இடத்தைத் தவிர வேறெங்கே அது தெரியும்?

உதவியவர்கள் பட்டியலிலும் பொய் வேண்டாம். அப்பா கிராஃபுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் ‘கோடு போட்டது அப்பா’ என்று எழுது. வண்டிக்கார அண்ணாவுக்கும் காய்கறிக்காரம்மாவுக்கும் நன்றி போட்டு, ப்ராஜெக்டை ஒருமுறை கொண்டுபோய்க் காட்டு. பார்த்துவிட்டு அவர்கள் சொல்லும் திருத்தம் டீச்சர் சொல்வதைவிடக் கறாராக இருக்கும்.

வைவாவுக்கு முந்தின நாள் பாட்டியிடம் தமிழில் சொல்லிப் பார். எதற்கு எடுத்துக்கொண்டாய், எப்படி அளந்தாய், என்ன வந்தது, எங்கே தப்பு நேர்ந்திருக்கலாம். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தால் புரியாததும் வாயில் சரளமாக வந்துவிடும். பாட்டியிடம் அது நடக்காது, “அப்படின்னா என்னடி?” என்று நிறுத்திவிடுவாள். நீ தடுமாறுகிற இடம்தான் உனக்குப் புரியாத இடம். ராத்திரி அதை மட்டும் படித்தால் போதும். டீச்சர் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், ‘அதை நான் அளக்கவில்லை மிஸ், இப்படி அளந்திருக்கலாம்’ என்று சொல். மழுப்புவதைவிட அந்தப் பதிலுக்கு மரியாதை அதிகம்.

ஃபைலைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வை. சி.பி.எஸ்.இ. விதிப்படி ரிசல்ட் வந்து மூன்று மாதம் வரை உள்மதிப்பீட்டு ஆவணங்களைப் பள்ளிக்கூடம் வைத்திருக்கும். அதற்குப் பிறகு உன் கைக்கு வருகிறதா, எடைக்குப் போகிறதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ரஃப் நோட்டை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடாதே. கேட்டால் காட்டு, அங்கேயே திரும்ப வாங்கிக்கொள். அடுத்த ஜூனில் கே.ஆர்.எஸ். கோட்டைத் தொடர அதுதான் வேண்டும்.